வரி நோட்டில் இல்லாத பெயர்கள்

பிழைப்பை முன்னிட்டுச் சென்னைக்கும் பம்பாய்த் தாராவிக்கும் கொழும்புக்கும் என்றோ புறப்பட்டுச் சென்று, போன இடத்திலேயே வீடு கட்டிப் பேரன் பேத்திகளையும் கண்டுவிட்ட நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு, தீபாவளியும் பொங்கலும் எவ்வளவு பிரியமான பண்டிகைகளாயினும், பந்துக்கள் யாவரும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தே தீரவேண்டும் என்று விதித்துக்கொண்ட நாள் பங்குனி உத்திரம் ஒன்றுதான். தீபாவளிக்கு ஊர் திரும்பாதவனுக்கு லீவு கிடைக்கவில்லை போலும் என்று வீட்டாரே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். உத்திரத்தன்று சாஸ்தா கோவிலில் தலைகாட்டாதவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. செந்தூர் எக்ஸ்பிரஸிலும் நெல்லை எக்ஸ்பிரஸிலும் அந்த வாரத்துக்கு இடம் பிடிப்பது எத்தகைய தவம் என்பதை, முன்பதிவு தொடங்கும் காலை எட்டு மணிக்குச் சரியாகக் கணினியின் முன் உட்கார்ந்து பார்த்தவர்களே அறிவார்கள். இந்த நாளைப் புகழ்ந்து எழுதுவது சுலபம். நானும் சிறிது புகழத்தான் போகிறேன். ஆனால், பழக்கத்தினால் நம் கண்ணில் படாமலே போய்விட்ட ஓர் அநியாயமும் அதற்குள் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

பங்குனி மாதத்தில் பௌர்ணமியும் உத்திர நட்சத்திரமும் கூடுகிற அந்தத் தினம், தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் முருகனுக்கும் சிவபெருமானுக்கும் உரிய திருக்கல்யாண வைபவமாகவே கொண்டாடப்படுகிறது. பழனிக்குக் காவடி எடுத்துச் செல்வோருக்கு உத்திரம் என்றால் பழனியாண்டவரின் நினைவுதான் வரும். பொருநைக் கரையிலோ உத்திரம் என்பது ஹரிஹர புத்திரராகிய சாஸ்தாவின் ஜன்ம நட்சத்திரம். குளக்கரையிலும் வயல் மூலையிலும் ஆலமரத்தடியிலும் தேரி மணற்காட்டின் நடுவிலும், பெரிய கோபுரமோ பிராகாரமோ இன்றி, பூரணை புஷ்கலை என்னும் தேவியர் இருவரோடு வீற்றிருக்கும் இந்தத் தெய்வம் ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒவ்வொரு பெயரில் தனித்தனியே சொந்தம். ஒரே ஊரில், ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறவர்கள் வெவ்வேறு சாஸ்தாவைச் சேர்ந்தவர்களாக இருப்பது இங்கே சர்வ சாதாரணம். ஆகவேதான் வரன் பேசும்போது, பையனின் உத்தியோகத்தை விசாரிக்கும் முன்னரே, “உங்களுக்கு எந்தச் சாஸ்தா?” என்ற கேள்வி எழுகிறது. முன்னோர் எப்போதோ இடம்பெயர்ந்ததனால் தம் சாஸ்தா எவரென்று தெரியாமற்போனவர்கள் கூட அநாதைகளாக விடப்படுவதில்லை. பாபநாச மலையில் காரையாற்றங்கரையில் இருக்கும் சொரிமுத்தையனாரைத் தம் குலதெய்வமாகக் கொள்ளலாம் என்று நம் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள். கோவில் தெரியாதவனுக்கு இத்தனை தாட்சணியம் காட்டிய சமுதாயம், கோவில் நன்றாகத் தெரிந்த ஒரு பெரும் கூட்டத்தாரை எப்படி நடத்துகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரிக்காட்டைக் காணாதவர்களுக்கு அந்தப் பூமியை வர்ணித்துச் சொல்வது கடினம். இரும்புச் சத்து ஏறிச் செக்கச் செவேலென்று சிவந்துபோன மணல், காற்றின் இஷ்டப்படி இடம்பெயர்ந்து குன்றுகளாகக் குவிந்தும் பள்ளங்களாகச் சரிந்தும் கிடக்க, பனையும் உடையும் கொல்லா மரமும் தவிர வேறொன்றும் எளிதில் வேரூன்றாத அந்த நிலத்தில், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த ஐயனார் கோவிலைப் போலச் சுனையும் நிழலும் உள்ள இடமாகப் பார்த்து ஐயனார் அமர்ந்திருக்கிறார். உத்திரத்தன்று விடியற்காலையிலிருந்தே வேன்களும் கார்களும் பேருந்துகளும் வந்து நிற்க, வருஷம் முழுவதும் காற்றின் ஓசையையும் மயிலின் அகவலையும் தவிர வேறெதுவும் கேளாத மணல்வெளியில் திடீரென்று ஒரு நகரம் எழும்பிவிடுகிறது. மூன்று கல்லைக் கூட்டிக் காவோலையையும் பனைமட்டையையும் எரித்து வரிசை வரிசையாகப் பொங்கலிடுகிறார்கள்; சென்னையில் அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியே தேவைப்படாத மருமகள், புகையில் கண்ணீர் வழிய ஓலையை ஊதிக்கொண்டிருக்க, மாமியார் அடுத்த அடுப்பிலிருந்து யோசனை சொல்லிக்கொண்டிருப்பார். சாஸ்தா சைவம், அவரைச் சூழ நிற்கும் பரிவார தெய்வங்களுள் சிலர் அப்படியல்லர். ஆதலால் வெளியே கிடாய் வெட்டும் வேளையில் சாஸ்தாவின் சந்நிதியில் திரை போட்டுவிடுகிற ஓர் ஏற்பாடும் பல கோவில்களில் உண்டு. தத்துவ சாஸ்திரிகள் பக்கம் பக்கமாக வாதாடித் தீர்க்க முடியாத விவகாரத்தை ஒரு முழத் துணியால் தீர்த்துவைத்த அந்தப் பெயர் தெரியாத பெரியவரின் லௌகிக ஞானத்தை நான் பலமுறை வியந்ததுண்டு.

மத்தியான தீபாராதனை முடிந்து, திருநீறு பூசிக்கொண்டு, பிரசாதப் பொங்கலை ஓலைப்பெட்டியிலும் எவர்சில்வர் தூக்கிலுமாக வாங்கிக்கொண்ட பின்னர், கூட்டத்தில் பெரும்பகுதி கிழக்கு நோக்கித் திரும்புகிறது. ஏனெனில் தேரிக்கு அப்பால் சமுத்திரம் இருக்கிறது. சிலர் உவரிக்குப் போவார்கள், சிலர் மணப்பாட்டுக்கு, பெரும்பாலோர் செந்திலாண்டவன் சந்நிதிக்கு. கடலில் முழுகி எழுந்து, கடலுக்கு இத்தனை அருகில் எப்படித்தான் நல்ல தண்ணீர் ஊறுகிறதோ என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஆச்சரியப்பட்டுக்கொண்டே நாழிக்கிணற்றிலும் நீராடிவிட்டு, தரிசனம் முடிந்தவர்களும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தரிசனத்தை ஒத்திவைத்தவர்களுமாக மணலில் ஜமக்காளத்தை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள். புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தயிர்ச் சாதம், எள்ளுத் துவையல், மாங்காய் ஊறுகாய், கூழ்வற்றல் என்று ஒவ்வொரு வீட்டுப் பாத்திரமும் திறக்கத் திறக்க, எவர் சமைத்ததை எவர் சாப்பிடுகிறார் என்ற கணக்கு மறைந்துபோகும். பதநீர் இறங்கத் தொடங்கும் பருவமாதலால் அதையும் பட்டையில் வாங்கிக் குடித்து, சில்லுக்கருப்பட்டிக்குக் குழந்தைகள் அடம்பிடிக்க, பௌர்ணமி வேளையில் சில சமயம் கடல் வெகுதூரம் உள்வாங்கிப் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிகிறபோது அங்கே ஓடப் பார்க்கும் சிறுவர்களை அதட்டி இழுத்து வருவதே வயதானவர்களுக்கு ஓயாத வேலையாகிவிடும். இந்தச் சில வருஷங்களில் கடலரிப்பினால் திருச்செந்தூர்க் கரை குறைந்து கொண்டே வருவதால், ஜமக்காளம் விரிக்க இடம் தேடுவதும் அந்த வேலையோடு சேர்ந்துவிட்டது.

கோவிலில் வணங்கியது பக்தி, கடற்கரையில் உண்டது உல்லாசம் என்று இதை இரண்டாகப் பிரித்துப் பேசுவோர் உண்டு. குலதெய்வ வழிபாடு பிக்னிக்காகச் சீரழிந்துவிட்டது என்று ஆண்டுதோறும் வருந்துகிற பெரியவர் ஒருவர் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார். எனக்கு அந்த வருத்தத்தில் பங்கில்லை. உவரி சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்குப் போய்ப் பார்த்தவர்கள், அங்கே கடல் மணலை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொண்டுவந்து கொட்டுவதே ஒரு நேர்த்திக்கடனாக இருப்பதை அறிவார்கள். அலையில் விளையாடுவது எங்கே முடிகிறது, ஆராதனை எங்கே ஆரம்பிக்கிறது என்று அந்தப் பெட்டியைச் சுமக்கும் சிறுமியிடம் கேட்டால் அவள் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்ப்பாள். ஒரு வாதத்துக்காக அந்தப் பிரிவினையை ஒப்புக்கொண்டாலுங்கூட, இரண்டு பாதிகளில் குடும்பம் என்பது முழுமையாகக் கூடுவது எதில் என்று கேட்டால், கோவிலில் அல்ல, கடற்கரையில்தான் என்று பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

காரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. எல்லாச் சாஸ்தாவுக்கும் உத்திரம் ஒரே நாளில் வருவதால், அன்று காலையில் ஒவ்வொரு குடும்பமும் வம்ச வாரியாகப் பிரிந்து போகிறது. அண்ணன் தம்பிகள் தம் சாஸ்தாவிடம். அவர்களுடைய மனைவிமார், பிறந்த வீட்டுச் சாஸ்தாவை மனத்தால் மட்டும் கும்பிட்டுவிட்டு, கணவன் வழிச் சாஸ்தாவிடம். கட்டிக்கொடுத்த அக்காவும் தங்கையும் அவரவர் புருஷன் வீட்டுச் சாஸ்தாவிடம். ஒரு தாய் வயிற்றில் பிறந்து ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள், தங்கள் குலத்துக்கென்றே ஏற்பட்ட தெய்வத்தின் திருநாளில், திசைக்கொருவராகப் போகிறார்கள். மத்தியானத்துக்குமேல் இந்தக் கிளைகள் அத்தனையும் தேரியிலிருந்தும் குளக்கரையிலிருந்தும் வயற்காட்டிலிருந்தும் வந்து திருச்செந்தூர்க் கரையில் கலக்கின்றன. “நீ அங்க கும்பிட்டுட்டு வாளா, மத்தியானம் கடக்கரையில பாப்போம்” என்று அண்ணன் ஒருவர் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னதை ஒரு முறை ரயிலில் கேட்டேன். அவருக்கு அது வெறும் பிரயாண ஏற்பாடு. எனக்கோ ஒரு குலத்தின் அரசியல் சாசனத்தையே அவர் வாசித்துவிட்டாற்போல் இருந்தது.

அந்தச் சாசனம் எழுத்திலும் இருக்கிறது. வரி நோட்டு என்று அதற்குப் பெயர். சாஸ்தா கோவிலுக்கு உரிய குடும்பத்தார் ஆண்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி செலுத்துகிறார்கள். அந்தத் தொகையிலிருந்துதான் அபிஷேகமும் அலங்காரமும் பந்தலும் அன்னதானமும் நடைபெறுகின்றன. மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் பெயர் நோட்டில் ஏறும். வரிதாரன் என்று கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் உரிமை வரும். கோவிலுக்குக் கூரை போடுவதா, கும்பாபிஷேகம் எப்போது, பொருளாளர் யார் என்ற விவகாரங்களில் அவன் அபிப்பிராயம் கேட்கப்படும். மணமான பெண்ணின் பெயர் ஏறாது. ஏறியிருந்த குடும்பத்திலிருந்தும் அவள் கழிந்துவிடுகிறாள். விளக்கு வாங்கிக் கொடுத்தால் உபயம் என்று பெற்றுக்கொள்வார்கள், வெள்ளி அங்கி செய்து போட்டால் கல்வெட்டில் பெயர் பொறிப்பார்கள். நன்கொடைக்கு அவள் ஆவாள், வரிக்கு ஆகமாட்டாள். நன்கொடையை எவரும் தரலாம், வழிப்போக்கனும் உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாம். வரி செலுத்துவதோ சொந்தக்காரர்களின் அந்தஸ்து. அந்த அந்தஸ்தைப் பிறந்த குலம் பெண்மக்களுக்கும் அளிக்கவேண்டும், வரி நோட்டில் அவர்கள் பெயரும் ஏறவேண்டும் என்பதே என் கோரிக்கை. எல்லாக் கோவிலிலும் நிலைமை இதேதான் என்று நான் சொல்லவில்லை. ஆண் வாரிசில்லாத வீட்டின் மகளிடம் வரி வாங்கத் தொடங்கிவிட்ட கூட்டத்தாரும் இருக்கக்கூடும். அவ்வாறு இருப்பின் அவர்களுக்கு என் வந்தனம்.

இது சம்பிரதாய விரோதம் என்று உடனே ஆட்சேபம் வரும். சம்பிரதாயத்தையே சாட்சிக்கு அழைப்போம். குழந்தைக்கு முதல் முடி எடுப்பதும் காது குத்துவதும் குலதெய்வத்தின் சந்நிதியிலே நடக்கவேண்டும் என்பது நம் வழக்கம். அந்தக் குழந்தையை யார் மடியில் வைத்துக்கொள்வது? தாய்மாமன் மடியில். அவனோ வேறொரு சாஸ்தாவைச் சேர்ந்தவன். இந்தக் கோவில் நோட்டில் அவனுக்குப் பெயரில்லை, வரியில்லை, வாக்குரிமையில்லை. ஆனாலும் அவன் வந்து சம்மணமிட்டு உட்காராதவரை நாவிதர் கத்தியை எடுக்கமாட்டார், ஆசாரி ஊசியை எடுக்கமாட்டார். தகப்பன் வழியே குலம் என்று இத்தனை கண்டிப்பாக விதித்தவர்கள், அந்தக் குலத்தின் புதிய அங்கத்தினனைத் தெய்வத்திடம் ஒப்படைக்கும் முகூர்த்தத்தில் மட்டும் தாய் வீட்டின் கையை எதிர்பார்த்தார்களே, அது ஏன்? பெண்ணைக் கொடுத்ததோடு பிறந்த வீட்டின் பாத்தியதை அற்றுப்போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சடங்கில் வைத்தார்கள். கணக்கில் வைக்கத் தவறினார்கள்.

இன்னொரு சாட்சி சாஸ்தாவே. சபரிமலையில் அவர் நைஷ்டிக பிரம்மசாரி. அந்த மலையின் நியமங்களைப் பற்றி இங்கே நான் பிரஸ்தாபிக்கப் போவதில்லை. நம் ஊர்க் குளக்கரையில் இருக்கிறவர் கிருகஸ்தர். பூரணையும் புஷ்கலையும் இருபுறமும் இருக்க, அவர் சந்நிதியில் எந்த வயதுப் பெண்ணும் பொங்கலிடுகிறாள். அவர் முன்னிலையில் பெண்ணின் பெயரை ஒரு நோட்டில் எழுதினால் எந்த விரதம் பங்கப்படும் என்பதை யாராவது எனக்கு விளக்கவேண்டும்.

சொத்து விஷயத்தில் இந்த வாதம் முன்னரே நடந்து முடிந்துவிட்டது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929-ஆம் ஆண்டு செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு தீர்மானித்தபோது, அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் பல நல்ல காரியங்களைச் செய்தும், கூட்டுக்குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகன் பிறப்பினாலேயே அடைந்த பங்கை மகளுக்குத் தரவில்லை. தமிழ்நாடு 1989-இல் அந்தக் குறையைத் திருத்தியது; எனினும் அவ்வாண்டு மார்ச் 25-ஆம் தேதிக்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களுக்கு அந்தத் திருத்தம் பயன்படவில்லை. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்கும், மணமானவள் மணமாகாதவள் என்ற பேதமின்றி, மகளும் பிறப்பினாலேயே பங்குதாரர் என்று மத்தியச் சட்டம் வந்தது. சட்டம் அமலுக்கு வந்த நாளில் தகப்பன் உயிரோடிருந்தானா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் எஞ்சிய சந்தேகத்தையும் நீக்கியது. ஆக, தாத்தாவின் வயலில் பேத்திக்குப் பங்கு உண்டு. அந்த வயலின் வரப்பில் உட்கார்ந்து காவல் காக்கும் சாஸ்தாவிடத்தில் மட்டும் இல்லை. பங்கு கேட்பவள் என்று சொத்துத் தகராறில் அவளைத் தூற்றுகிறோமே, செலவுக்கும் நான் பங்கு தருகிறேன் என்று அவள் நோட்டின் முன் வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்வது விவேகமா?

தகப்பன் வழி ஒன்றே இயற்கையானது என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாஞ்சில் நாடு. அங்கே வேளாளர் சமூகத்தில் மருமக்கள் வழி என்ற முறையில், சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. 1926-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு சட்டம் செய்து மாற்றும் வரையில் அதுவே நடைமுறை. பெற்ற மக்களும் கட்டிய மனைவியும் அதனால் பட்ட அவதிகளைக் கவிமணி தம் நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியத்தில் பரிகாசமாகப் பாடி வைத்திருக்கிறார். ஆகவே அதை ஒரு பொற்காலமென்று நான் காட்டவில்லை. ஒரு வழியை மாத்திரம் எண்ணி மறு வழியை விட்டுவிட்டால், எந்த வழியை எண்ணினாலும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்றுவிடுகிறார் என்பதற்காகச் சொன்னேன்.

வடக்கே மாமல்லபுரத்துக் கடற்கரையில் வேறொரு காட்சி. மாசி மகப் பௌர்ணமிக்கு இருளர் சமூகத்தார் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, சேலைகளையும் துணிகளையும் கட்டிக் கூடாரமாக்கி, இரவெல்லாம் மணலிலேயே தங்கி, விடியலில் அலையோரத்தில் மண்ணால் படி அமைத்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். வரன் பார்ப்பதும் நிச்சயம் செய்வதும் கல்யாணமே நடப்பதும் அந்தக் கரையில்தான். கோவிலுக்கு ஒரு பாதி நாள், கடலுக்கு ஒரு பாதி நாள் என்ற பிளவு அங்கே இல்லை. கடற்கரையே கோவிலாக இருப்பதனால், பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒரே சந்நிதியில் நிற்கிறார்கள். நாகரிகத்தில் தங்களைவிடப் பின்தங்கியவர்கள் என்று நம்மவர் சிலர் கருதும் மக்களிடம் கற்றுக்கொள்ள இந்த ஒரு விஷயமாவது இருக்கிறது.

நியாயத்தைப் பற்றிய பேச்சில் சிரத்தையில்லாத பொருளாளர்களுக்கு ஒரு கணக்கும் சொல்லலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8. நம் தாத்தாமார் காலத்தில் நாலு மகன்மார் இருந்த வீடு நாலு தலைக்கட்டாகப் பெருகிற்று. இன்று ஒற்றைக் குழந்தையுள்ள வீடுகள் எத்தனையோ, அவற்றில் அந்த ஒன்று பெண்ணாக இருக்கும் வீடுகள் எத்தனையோ! தகப்பன் காலத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்துவிடுவதாக இருந்தால், வரி கட்டுவோர் குறைந்துகொண்டே போக, அபிஷேகச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். இப்போதே பல கோவில்களில், பெயருக்கு வரிதாரர்களாக இருக்கும் பேரன்மார் வெளிநாட்டிலிருந்து வங்கி மூலம் பணம் அனுப்பிவிட்டு வராமலிருக்க, பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள்தான் வெள்ளிக்கிழமைதோறும் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறாள். விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறவளைக் கணக்கில் சேர்க்காத நிர்வாகம் எந்த லட்சணத்தில் நிர்வாகம்?

நடைமுறைச் சங்கடங்கள் இல்லாமலில்லை. ஒரே உத்திரத்தில் ஒரு பெண் இரண்டு சாஸ்தா கோவிலில் எப்படி நிற்பாள் என்பது முதல் சங்கடம். பல கோவில்களில் உத்திரத்தின் முந்திய இரவே பூஜை தொடங்கிவிடுகிறது. கொடை, வருஷாபிஷேகம் என்று வேறு நாட்களும் இருக்கின்றன. ஓர் ஆண்டு இங்கே, ஓர் ஆண்டு அங்கே என்று தம்பதிகள் முறை வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளைமார் மனைவியின் சாஸ்தாவுக்கு ஒரு காலைப் பொழுதைக் கொடுத்தால் அவர்கள் வம்சம் ஒன்றும் அறுந்துபோகாது. புருஷன் வீட்டில் ஒரு வரி, பிறந்த வீட்டில் ஒரு வரி என்று இரட்டைச் செலவாகுமே என்பது இரண்டாவது. ஆகும். இரண்டு குடும்பமுடையவளுக்கு இரண்டு வரி வருவதில் அதிசயமில்லை. வசதிக்குறைவானவர்களுக்கு அரை வரி என்று கூட்டத்தார் முடிவு செய்வதையும் எவரும் தடுக்கவில்லை. மாப்பிள்ளைமார் உள்ளே நுழைந்து கோவில் நிர்வாகத்தைக் கைப்பற்றிவிடுவார்கள் என்ற பயம் மூன்றாவது. இதை எவரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் மெய்யான ஆட்சேபம் இதுதான். வரி மகள் பெயரில் இருக்கட்டும், பேச்சுரிமையும் அவளுக்கே இருக்கட்டும். மாப்பிள்ளை வழக்கம்போல் பந்தியில் பரிமாறட்டும். சொக்காரர்களுக்குள்ளே முதல் மரியாதைக்காக நீதிமன்றம் வரை போய்ப் பூட்டுப் போட்ட கோவில்களைக் கண்டிருக்கிற நாம், சண்டையைப் பெண்மக்கள்தாம் கொண்டுவருவார்கள் என்று சொல்வதற்குச் சற்றுக் கூச்சப்படவேண்டும்.

ஆகவே அடுத்த உத்திரத்துக்கு ஒரு சிறிய மாறுதலைச் சிபாரிசு செய்கிறேன். வழக்கமாக மத்தியான பூஜை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் ஆண்கள் மட்டும் வட்டமாக உட்கார்ந்து வரவு செலவு வாசிக்கிறார்களே, அந்தக் கூட்டத்தைக் கடற்கரைக்கு மாற்றிவிடலாம். கட்டுச்சோறு உண்டு முடித்து, பெரியவர்கள் வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கும் அந்த நாலு மணி வேளையில் அக்கா தங்கைகள் அத்தனை பேரும் எப்படியும் அங்கே இருப்பார்கள். அவர்களைத் தனியே அழைக்கவேண்டியதும் இல்லை, அனுமதிப்பதா என்று தீர்மானம் போடவேண்டியதும் இல்லை. பொருளாளர் நோட்டை விரித்து, சென்ற ஆண்டு பாக்கியைப் படித்து முடித்ததும், புதிய தலைக்கட்டு யாரேனும் உண்டா என்று வழக்கப்படி கேட்கட்டும். கடற்காற்றில் தாள் பறந்துபோகும் என்று அவர் ஆட்சேபித்தால், மேலே வைக்க ஊறுகாய் ஜாடி ஒன்றை எந்தத் தங்கையாவது நகர்த்திக் கொடுப்பாள்.